குதிகால் தேய்ந்த பக்கம்

அன்புச்செல்வி அக்கா செருப்பைப் புரட்டிப் பார்ப்பாள். அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது அதுதான். திருவண்ணாமலைக் கோயிலில் அம்மணியம்மன் கோபுரத்துக்கு எதிரே உள்ள செருப்பு ஸ்டாண்டில் அவளுக்கு வேலை. சாமி பார்க்க வருகிறவர்கள் அவசரமாகக் கழற்றிப் போட்டுவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். அக்கா அந்த ஜோடியை எடுத்து, அடிப்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். பதினோரு வருஷமாக இதே வேலை.

"இந்தம்மாவுக்கு எடது முட்டி காலி," என்பாள் என்னிடம். "எடது கால ஊனவே பயப்படறாங்க. வலது செருப்பு எப்படித் தேஞ்சிருக்குது பாரு." அரை மணி கழித்து அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு இடது காலை இழுத்தபடி வெளியே வருவார். எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும். ஒருமுறை என் செருப்பையே புரட்டிவிட்டு, "நீ எப்பவும் எடது கால ஊனித்தான்டி தள்ளற. வலப்பக்கந்தான் வெட்டிப் போவ," என்றாள். உண்மைதான். ரக்பி ஆடுகிற பெண்ணிடம் இதைச் சொல்வது, சீட்டாடுகிறவனிடம் அவன் கையில் இருக்கிற சீட்டையெல்லாம் படித்துக் காட்டுவது மாதிரி.

ஆமாம், ரக்பிதான். திருவண்ணாமலையில் ரக்பியா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. கோழிமுட்டை வடிவத்தில் ஒரு பந்து. கையில் வைத்துக்கொண்டு ஓடலாம். முன்னால் நிற்பவளுக்கு வீசக் கூடாது. பக்கத்திலோ பின்னாலோதான் வீச வேண்டும். எதிரணிக்காரி தோளால் மோதி உன்னைச் சாய்ப்பாள். எழுந்து மறுபடி ஓட வேண்டும். நாங்கள் ஆடுவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். பாதிக்கு ஏழு நிமிஷம், மொத்தம் பதினாலே நிமிஷம். அந்தப் பதினாலு நிமிஷத்துக்காக வருஷம் முழுக்க வேங்கிக்கால் மைதானத்தில் விடியற்காலையில் நாயாக ஓடினோம்.

என் பெயர் மதிவதனி. வயது இருபத்து மூன்று. கீழ்பென்னாத்தூரில் அப்பாவும் அம்மாவும் நெல்லும் மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், போடுகிறார்கள். நான் டவுனில் ஒரு செல்போன் கடையில் பில் போடுகிறேன். அக்கா வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எல்லோரும் சொல்வார்கள். இதை எழுதும்போதும் அது இருக்கிறது. வலது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்குவதால் இடது கைக் கட்டைவிரலால் போனில் தட்டித் தட்டி எழுதுகிறேன். வார்த்தை மெதுவாக வருவதால் கோபம் தணிந்துவிட்ட மாதிரி தெரியலாம். நம்பிவிடாதீர்கள்.

அக்காவும் ஆடியவள்தான். குவியலாக விழுந்து கிடப்பவர்களுக்கு நடுவிலிருந்து பந்தை உருவி வெளியே வீசுகிற இடம் அவளுடையது. மாவட்டத்துக்காக மூன்று வருஷம் ஆடினாள். நான்காவது வருஷம் மாநில அணியைத் தேர்வு செய்யும் முகாமுக்குச் சென்னைக்குப் போனாள். அங்கே இரண்டாம் நாள் வலது முழங்காலில் ஏதோ நரம்பு பிசகிவிட்டது. வீக்கத்தைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டு ஓடினாள். அன்று சாயங்காலம் பக்கத்துப் பாயில் படுத்திருந்த பெண்ணிடம் மட்டும், "ரொம்ப நோவுதுடி," என்று சொன்னாள். மறுநாள் காலையில் பட்டியலில் அக்காவின் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் பக்கத்துப் பாய்க்காரியின் பெயர் இருந்தது. அவள் இப்போது போலீஸில் இருக்கிறாள்.

"அவ சொன்னதுல தப்பே இல்லடி," என்பாள் அக்கா. "முட்டி நெஜமாவே போயிடுச்சி. ஆனா நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா அந்த ஒரு மேட்ச் ஆடியிருப்பேன். ஒரே ஒரு மேட்ச்." சொல்லும்போது சிரிப்பாள். கை மட்டும் டோக்கன்களை வரிசை மாற்றி வரிசை மாற்றி அடுக்கும். இந்தக் கதையை நான் பத்து தடவையாவது கேட்டிருப்பேன். பத்து தடவையும் அந்தப் பெண்ணை ஒரு வார்த்தைகூட அவள் திட்டியதில்லை. திட்டியதெல்லாம் நான்தான்.

முழங்கால் போனதும் வீட்டில் கல்யாணம் செய்து வைத்தார்கள். ராஜா என்று ஒருவர், ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அவர் விட்டுவிட்டுப் போன செருப்பு ரொம்ப நாள் வாசலில் கிடந்தது. "ஊர்ல இருக்கறவன் செருப்பெல்லாம் பாத்தேன்," என்று ஒருநாள் அக்கா சொன்னாள், "அவுரு செருப்ப ஒரு நாளும் பொரட்டிப் பாக்கல." அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

எங்கள் கோச் புகழேந்தி சார் ஒரு தனியார் பள்ளியில் பி.டி. மாஸ்டர். அக்காவின் இந்தக் கண்ணைப் பற்றித் தெரிந்ததும் அவளை அணிக்குள் இழுத்துக்கொண்டார். எந்த ஊர் அணியோடு மோதினாலும் முதல்நாளே அக்கா மைதானத்துக்கு வந்து, அவர்கள் ஓரமாகக் கழற்றிப் போட்டிருக்கும் ஷூக்களை வேடிக்கை பார்ப்பது போலப் பார்த்துவிடுவாள். எவள் எந்தக் காலை ஊன்றி எந்தப் பக்கம் வெட்டுவாள், எவளுக்குத் திரும்ப நேரமாகும், எவள் குதிகாலில் ஓடுகிறாள், எல்லாம் சொல்வாள். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். வேலூர் பெண்கள் ஒருமுறை எங்கள் மேல் சந்தேகப்பட்டு, யாரோ தங்கள் பயிற்சியை வீடியோ எடுத்துவிட்டதாகச் சண்டைக்கே வந்தார்கள்.

இந்த வருஷம் மாநிலப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. நாங்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே சென்னை. சென்னை அணியில் நடுவில் நிற்பவள் கவிநிலா. எங்கள் அணியில் நடுவில் நிற்பவள் நான்.

கவிநிலாவும் கீழ்பென்னாத்தூர்தான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே பஸ். அவளும் நானும் சேர்ந்துதான் புகழேந்தி சாரிடம் வந்தோம். பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்குப் போய்க் கேழ்வரகுக் கூழ் குடிப்போம். மூன்று வருஷத்துக்கு முன்னால் விளையாட்டு இடஒதுக்கீட்டில் அவளுக்குச் சென்னையில் கல்லூரியும் ஹாஸ்டலும் கிடைத்தன. போகிற அன்று அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னிடம், "உன்கூட எதிர்ல ஆடற நாளு வரக்கூடாதுடி," என்றாள். வந்துவிட்டது.

வந்ததோடு நிற்கவில்லை. தேசியப் போட்டிக்குப் போகும் மாநில அணிக்கு ஆள் எடுக்கத் தேர்வாளர்கள் அந்த இறுதி ஆட்டத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று புகழேந்தி சார் சொன்னார். நடுவில் நிற்க ஒரு இடம்தான் பாக்கி. தேசியப் போட்டி ஆடிய சான்றிதழ் இருந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலைக்கு மனு போடலாம். எனக்கோ அப்பா கெடு வைத்துவிட்டார். "இந்த ஒரு மேட்சு ஆடிக்கோ. அத்தோட பந்த மூட்ட கட்டி வெச்சிட்டு வா. தை மாசம் முகூர்த்தம்." மாப்பிள்ளை போட்டோ என் போனில் இருக்கிறது. நல்ல மூஞ்சிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா போன் செய்தாள். "மதி, ஓடியாடி. மொத்த டீமும் சாமி பாக்க வந்துருக்குது. எல்லாம் என்கிட்டதான் ஷூவக் கழட்டிப் போட்டுட்டு உள்ள போயிருக்குதுங்க." கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

போய்ப் பார்த்தால் ஸ்டாண்டின் உள்பக்கம் சாக்கு விரித்து, பதினோரு ஜோடி ஷூக்களை அடிப்பக்கம் மேலே தெரியும்படி அக்கா கவிழ்த்து வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊரிலிருந்து வந்து, அண்ணாமலையாரைக் கும்பிட்டு ஜெயிக்க வைக்கச் சொல்லிக் கேட்கப் போன இடத்தில், ரகசியத்தையெல்லாம் கழற்றி எதிரணிக்காரி கையில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இது அவங்க ஒம்பதாம் நம்பர்," என்றாள் அக்கா. "கட்டவெரலுக்குக் கீழ பாரு, எடது காலு மட்டும் வழவழன்னு கீது. இவ எடது கால ஊனி வலப்பக்கம்தான் போவா. கீதாஞ்சலிய அந்தப் பக்கம் நிறுத்தணும்." அடுத்த ஜோடியை எடுத்தாள். "இது அந்த ஒசரமான பொண்ணு. குதிகால்ல ஓடறா. நேரா வந்தா எமன், திரும்பச் சொன்னா பஸ்சு திரும்பறாப்பல நேரமாவும்." கேப்டனின் ஷூவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "புதுசு. புது ஷூ பேசாது."

"கவிநிலாவோடது எங்கக்கா?" என்று கேட்டேன்.

அந்த ஜோடி சாக்கின் மேல் இல்லை. அக்காவின் மடியில் இருந்தது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் கை நீட்டியதும் எழுந்து உள்தட்டில் வைத்துவிட்டாள். "அத நான் பாத்துட்டேன். சாயங்காலம் சொல்றேன். நீ போ, அதுங்க வந்துடப் போவுது," என்றாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. கவிநிலாவைப் பார்க்காமல் போய்விட வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது. பார்த்தால் பேசுவேன், பேசினால் நாளைக்கு மோத மாட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மைதானத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். புகழேந்தி சார் எங்கள் செருப்புகளையே கழற்றச் சொல்லி, தரையில் இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு என்று வைத்தார். அக்கா ஒவ்வொரு செருப்பாக நகர்த்தி, யார் யாரை எப்படி மடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். சென்னையின் ஒன்பதாம் நம்பர் எங்கே வெட்டுவாள், அங்கே யார் காத்திருக்க வேண்டும், உயரமானவளை எப்படி இரண்டு முறை திரும்ப வைத்து மூன்றாவது முறை தாண்டிப் போக வேண்டும். நேரம் போனதே தெரியவில்லை. ஜெயித்துவிட்ட மாதிரியே இருந்தது. கீதாஞ்சலி எழுந்து நின்று ஒரு ஆட்டமே போட்டாள்.

கடைசியாக அக்கா ஒரு நீலச் செருப்பைத் தொட்டாள். "இது கவிநிலா," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "மதி, நீ அவ வலது பக்கமா போ. வலது ஷூ குதிகால் ஒரேயடியா தேஞ்சிருக்குது. அந்தப் பக்கம் அவளால சட்டுனு திரும்ப முடியாது."

"அக்கா, நான் எப்பவும் என் வலப்பக்கந்தான வெட்டுவேன்? அது அவளுக்கு எடப்பக்கமாச்சே. எனக்கு வாட்டமான பக்கத்த விட்டுட்டு..."

"எடப்பக்கம் போவாத." குரல் கொஞ்சம் உயர்ந்தது. "உன் வாட்டம் அவளுக்குத் தெரியும்டி. எடப்பக்கம் அவ தயாரா இருப்பா. வலப்பக்கமே போ. ஒரு தடவகூட எடப்பக்கம் போவாத."

புகழேந்தி சார் தலையாட்டினார். "அன்பு சொன்னா சரியாத்தான் இருக்கும். மதி, பழக்கத்த மாத்து. இருட்டறதுக்குள்ள இருபது தடவ ஓடிப் பாரு." இருபது தடவை ஓடினேன். வலது காலை ஊன்றி என் இடப்பக்கம் வெட்டுவது கால்களுக்குப் பிடிக்கவேயில்லை. அக்கா மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, என் நெற்றி வேர்வையைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். "நாளைக்கி நான் வர முடியாதுடி. ஞாயித்துக்கெழம, ஸ்டாண்டுல கூட்டம்," என்றாள். அவள் எங்கள் எந்த ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. இறுதி ஆட்டத்துக்கு வர மாட்டாளாம். எனக்கு வந்த கோபத்தில் பாட்டிலை அவள் கையிலேயே திணித்துவிட்டு நடந்தேன்.

ஆட்டத்தைப் பற்றி நீட்ட மனமில்லை. அக்கா சொன்னதெல்லாம் நடந்தது. ஒன்பதாம் நம்பர் வெட்டிய இடத்தில் ஒவ்வொரு முறையும் கீதாஞ்சலி நின்றாள். உயரமானவள் திரும்பித் திரும்பி மூச்சு வாங்கினாள். பாதி நேரத்தில் ஏழுக்கு ஐந்து என்று நாங்கள் முன்னால் இருந்தோம். என் விஷயம் மட்டும் நடக்கவில்லை. முதல் முறை கவிநிலாவின் வலப்பக்கம் போனேன். திரும்ப முடியாது என்று சொல்லப்பட்டவள் கதவு மூடுவது போலத் திரும்பி, வலது தோளால் என்னைச் சாய்த்தாள். இரண்டாம் முறையும் அப்படியே, பந்தும் போய்விட்டது.

இடைவேளையில் சாரிடம், "நான் என் பக்கமே போறேன் சார்," என்றேன். "அன்பு சொன்னத விடாத," என்றார். விடவில்லை. இரண்டாம் பாதியில் மூன்றாம் முறை அதே வலப்பக்கம் போனேன். கவிநிலா மோதிய வேகத்தில் நான் மறுபக்கம் சரிந்து, என் வலது தோள் முதலில் தரையில் பட்டது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம் கேட்டது. அது என் காறை எலும்பு என்று புரியச் சில விநாடிகள் ஆயின. கவிநிலா என் மேலிருந்து எழுந்து, "மதி, மதி," என்று அலறினாள்.

ஓரத்தில் படுக்க வைத்துக் கட்டுப் போடும்போது மீதி ஆட்டத்தைப் பார்த்தேன். அதற்குள் அவர்கள் பந்தைக் கோட்டுக்கு அப்பால் வைத்து, அதற்குக் கிடைக்கும் கூடுதல் உதையையும் கம்பத்துக்கு மேலே அடித்து, ஐந்திலிருந்து பன்னிரண்டு புள்ளிக்குப் போயிருந்தார்கள். கடைசி நிமிஷத்தில் கீதாஞ்சலி தடுமாறி, தவறுதலாகக் கவிநிலாவின் இடப்பக்கமாக ஓடினாள். கவிநிலா அவளைப் பிடிக்கக் கையை நீட்டக்கூட இல்லை. வேறொருத்தி ஓடிவந்து கீதாஞ்சலியைக் கோட்டுக்கு வெளியே தள்ளினாள். ஏழுக்குப் பன்னிரண்டு. தோற்றோம். கவிநிலா களைத்துவிட்டாள் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு அக்கா ஓடி வந்தாள். வெறும் காலோடு வந்தாள். செருப்பு ஸ்டாண்டில் வேலை பார்ப்பவள் செருப்பை மறந்துவிட்டு வந்ததைப் பார்த்து, அந்த வலியிலும் நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. என் காலைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இவ்வளவு அன்பா என்று எனக்குக் கூச்சமாகப் போனது.

மூன்று நாளில் பட்டியல் வந்தது. நடுவில் நிற்கும் இடத்துக்குக் கவிநிலா. எனக்கு எட்டு வாரம் கை அசைக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டில் எலும்பு முகூர்த்தத்துக்குள் கூடிவிடுமா என்று விசாரித்தார்களாம். கூடிவிடும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். கவலையே இல்லை பாருங்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஸ்டாண்டுக்குப் போவதற்கு முன்னால் அக்கா என் அறைக்கு வந்து தலை வாரிப் பின்னிவிடுவாள். ஊருக்கு வந்துவிடு என்று அம்மா கூப்பிட்டும் நான் போகவில்லை. அக்கா பின்னுவது அம்மா பின்னுவதைவிட நன்றாக இருக்கும். இழுக்காமல், வலிக்காமல், ஒரு முடிகூட வெளியே வராமல் பின்னுவாள்.

பட்டியல் வந்து ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் கவிநிலா என்னைப் பார்க்க வந்தாள். வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் ஆப்பிள் பையோடு உள்ளே வந்து, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பையைத் தரையில் வைத்தாள். பிறகு என் இடது கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"எனக்கு ஆறு வாரமா எடது தோளு எறங்கி எறங்கிப் போவுதுடி," என்றாள். "ஹாஸ்டல்ல ஒருத்தருக்கும் சொல்லல. நானே செவுத்துல முட்டி ஏத்திக்குவேன். இன்னொரு தடவ பலமா அடிபட்டா ஆபரேஷன்தான், அப்பால ஆட்டமே கெடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அன்னிக்கி கோயிலுக்கு வந்தப்ப, கோபுரத்தப் பாத்ததும் கையத் தூக்கிக் கும்புடுவோமில்ல, என்னையறியாம தூக்கிட்டேன். ஒரு கைதான் மேல போச்சி. இன்னொண்ணு நெஞ்சுலயே நின்னுடுச்சி. திரும்பிப் பாத்தா அன்பு அக்கா பாத்துட்டு நிக்கறாங்க."

"அக்கா இன்னா சொன்னாங்க?"

"ஒண்ணுமே கேக்கல. என் ஷூவ வாங்கிக்கிட்டு, டோக்கனக் குடுத்து, போய்ட்டு வாம்மான்னாங்க. அப்பவே முடிஞ்சி போச்சின்னு நெனச்சேன். உங்க டீமுக்குச் சொல்லித்தான ஆவணும் அவங்க. நீ என் எடப்பக்கந்தான் வெட்டி வருவ. மொத மோதல்லயே எல்லாம் போயிடும்னு நெனச்சிக்கிட்டுத்தான் எறங்கனேன்." அவள் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆனா நீ ஒரு தடவகூட அந்தப் பக்கம் வரல மதி. உனக்கு வாட்டமான பக்கத்த விட்டுட்டு, மூணு தடவையும் என் நல்ல தோளுக்கே வந்த. தெரிஞ்சும் என்ன விட்டுட்ட. அதுக்கு நான் உன் எலும்பயே ஒடச்சிட்டேன். எங்கம்மாகிட்டகூடச் சொன்னேன், மதி மாதிரி யாரு இருப்பான்னு."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "விடுடி," என்றேன். அதை அவள் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுதாள். என்னுடையது அல்லாத ஒன்றுக்கு அவ்வளவு நன்றியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவள் கிளம்பும்போது வாசல்வரை போனேன். அவள் நிலைக்கல்லில் உட்கார்ந்து ஒரு ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது ஷூ அடிப்பக்கம் மேலே தெரியப் புரண்டு கிடந்தது. அன்று அக்காவின் மடியில் பார்த்த அதே ஜோடிதான். அதன் குதிகால் தேயவேயில்லை. இரண்டும் ஒரே மாதிரி, கடையில் வாங்கியது போல இருந்தன. அவள் ஒற்றைக் கையால் கயிறு கட்ட முடியாமல் ஓரத்தில் செருகிக்கொண்டு போனாள்.

அந்த மத்தியானம் நான் அக்காவை எத்தனை விதமாகத் திட்டினேன் என்பதை எழுதினால் போன் வெடித்துவிடும். பத்து தடவை கேட்ட கதையில் பட்டியலில் அடிக்கப்பட்டது அவள் பெயர். இன்னொருத்தியின் வலியைச் சொல்லிக் கொடுத்து அவள் பெயரை அடிக்க வைப்பவளாக அக்கா மாறத் தயாராக இல்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. கவிநிலாவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் காப்பாற்றிக்கொள்ளட்டும். இருபது தடவை ஓடிப் பழகிய என் கால்கள் அவளுக்கு என்ன பாவம் செய்தன?

மறுநாள் காலையில் வழக்கம்போல அக்கா வந்தாள். என்னைத் தரையில் உட்கார வைத்து, பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள். எண்ணெய் வைத்தாள். சீப்பு ஓட ஆரம்பித்தது.

"நேத்து கவி வந்திருந்தா," என்றேன்.

"அப்படியா." சீப்பு ஓடிக்கொண்டே இருந்தது. "நல்லாருக்காளா?"

"தேங்க்ஸ் சொன்னா."

"எதுக்கு?"

"அவ எடது தோள நான் விட்டுட்டதுக்கு."

சீப்பு நின்றது. தெருவில் பால்காரனின் ஹாரன் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, குழந்தை மாதிரி இருந்தது. "கவிக்குத் தோளு சரியில்ல, அந்தப் பக்கம் மட்டும் மோதாதடின்னு நேராச் சொல்லியிருக்கலாமில்ல? நான் கேட்டிருக்க மாட்டேனா?"

அக்கா சீப்பில் சிக்கியிருந்த முடியை உருவி எடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"சொல்லியிருந்தா நீ எந்தப் பக்கம்டி போயிருப்ப?"

தை மாசம், மாப்பிள்ளை போட்டோ, பாக்கி இருந்த ஒரே இடம், எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. முதல் மோதலிலேயே அங்கேதான் போயிருப்பேன். முழு வேகத்தில் போயிருப்பேன். அக்காவுக்கு அது தெரிந்திருந்தது. கவிநிலாவின் ஷூவில் இல்லாததை இருக்கிறது என்று சொன்னவள், என்னைப் பற்றி மட்டும் தப்பாகப் படிக்கவில்லை. இதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது.

"உன் எலும்பு ஒடையும்னு சத்தியமா நெனக்கலடி," என்றாள் அக்கா. "மூணு தடவ விழுவ, எழுந்துக்குவ, மீதிப் பொண்ணுங்க ஜெயிச்சிக் குடுத்துடுவாங்கன்னு கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிப் போச்சி. உன்ன நான்தான் ஒடச்சிட்டேன். அவ இல்ல, நான்தான்." சூடாக ஏதோ என் வகிட்டில் விழுந்தது. அவள் அதைத் தலைப்பால் துடைத்துவிட்டு, மறுபடி சீப்பை எடுத்து, மூன்றாகப் பிரித்துப் பின்ன ஆரம்பித்தாள். அன்றும் இழுக்கவில்லை.

நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. கவிநிலாவிடம் இன்னும் உண்மையைச் சொல்லவும் இல்லை. சொன்னால் யார் நல்லவள் என்பது மாறிவிடும், அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. அக்கா தினமும் வருகிறாள். நானும் முதுகைக் காட்டி உட்காருகிறேன்.

அன்று பின்னி முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து தெருமுனைவரை நடந்தோம். அவள் வேலைக்கு, நான் கட்டு மாற்ற. முனையில் திரும்பினால் மலை தெரியும். இந்த ஊரில் யாரும் அந்த இடத்தில் கையைத் தூக்காமல் போவதில்லை. பழக்கத்தில் நானும் தூக்கினேன். இடது கை தலைக்கு மேலே போனது. வலது கை தொட்டிலிலேயே கிடந்தது. பக்கத்தில் அக்கா பாதி தூக்கிய கையோடு என்னைப் பார்த்தாள். பிறகு கையை இறக்கிக்கொண்டாள். கும்பிடாமலே ஸ்டாண்டுக்கு நடந்து போனாள்.